முகம் சுளிக்காத வீடு

அந்த வீட்டு நாத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசினால் பொய் பேசினது மாதிரி ஆகிவிடும். தெருமுனை திரும்பும்போதே வேன் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். ஏற்றி என்ன பிரயோஜனம், கண்ணாடிக்கெல்லாம் அடங்குகிற நாத்தமா அது. புளித்த புல், சாணம், ரத்தம், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் குளித்து, சோற்றில் கை வைக்கும்போது மறுபடி எட்டிப் பார்க்கும்.

அது குடல் கழுவுகிற வீடு. அறுப்புக்கூடத்திலிருந்து காலையில் ஆட்டுக்குடல் கூடை கூடையாக வந்து இறங்கும். கழுவி, சுரண்டி, வெள்ளை வெளேர் என்று ஆக்கி, மதியத்துக்குள் ஓட்டல்களுக்கும் கறிக்கடைகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். நடுவில் கெட்டுப்போகாமல் இருக்க என் ஐஸ். நான் ஐஸ் வண்டிக்காரன். சாக்கில் சுற்றிய பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு அவர்கள் கொல்லைப்புறம் போய் உடைத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அதற்குமேல் எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொல்லையில் மூன்று சிமெண்ட் தொட்டி, ஒரு குழாய், ஒரு வாய்க்கால். தொட்டிக்கரையில் எப்போது பார்த்தாலும் பாப்பா உட்கார்ந்திருப்பாள். பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தொடப்போகிறவள், காதோரம் நரைத்துவிட்டது. முதலாளியம்மாவுக்கு மகள். பிறந்தபோது பாப்பா என்று கூப்பிட்டார்கள், அதற்கப்புறம் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணப் பேச்சு ஒன்று வந்ததாம். அவள் அண்ணன் பெரியவனுக்கு முடியட்டும் என்றார்கள். பெரியவனுக்கு முடிந்ததும், தொட்டிக்கு ஆள் வேண்டுமே என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். குடலின் ஒரு முனையைக் குழாய் வாயில் மாட்டித் தண்ணீரைத் திறப்பாள். உள்ளே இருக்கிற பச்சைக் கழிவு மறுமுனையில் பிதுங்கி வாய்க்காலில் விழும். அப்புறம் ஒரு வழவழப்பான குச்சியைக் கொடுத்து உள்பக்கத்தை வெளியே புரட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, மொண்ணைக் கத்தியால் சுரண்டுவாள். சுரண்டியது கொழகொழவென்று கத்தியில் வழியும். அதைத் தொட்டி விளிம்பில் தட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். கடைசியில் கட்டுக்கட்டாக நூலால் கட்டவேண்டும். நூல் துண்டுகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவிக் கட்டுவாள். மழையானாலும் வெயிலானாலும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் வராது. வாய் மட்டும் எப்போதும் லேசாகத் திறந்திருக்கும். அதைப் பார்த்து, மந்தம் போல என்றுதான் வந்த புதிதில் நானும் நினைத்தேன்.

அப்போது ஒருநாள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். முதலாளியம்மா கல்லாப் பலகையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"தம்பி, அந்தத் துண்டை அவுரு."

"நாத்தம் தாங்கலம்மா."

"எது நாத்தம்? சோறு போடறதைப் போய் நாத்தம்னு சொல்ற. இந்த வீட்ல யாரும் மூஞ்சி சுளிக்கக் கூடாது. வேலைக்கு வர்றவன்லேருந்து வண்டிக்காரன் வரைக்கும். என் மாமியார் சொன்னது, அவங்க மாமியார் அவங்களுக்குச் சொன்னது. சுளிச்சா தொழில் கோவிச்சுக்கும்."

"நான் ஐஸ்காரன்தானேம்மா."

"இந்த வாசல் தாண்டிட்டா எல்லாரும் ஒண்ணுதான்." அப்புறம் பாப்பாவின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். கடையில் சாமான் காட்டுவார்களே, அந்த மாதிரி. "இவளைப் பாரு. சின்னதுல சும்மா சும்மா ஓங்கரிப்பா. தொட்டியைப் பார்த்தாலே வாந்தி. நான் என்ன பண்ணேன் தெரியுமா? தொட்டிக்கு நேரா உக்கார வச்சு, மூஞ்சி நேராகற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுன்னுட்டேன். சாயங்காலம் ஆச்சு. நேராயிடுச்சு. அன்னைக்கு நேரானதுதான், இன்னைக்கு வரைக்கும் பாரு."

பாப்பா சிரித்தாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. துண்டை அவிழ்த்துக்கொண்டேன், வியாபாரம் வேண்டுமே.

அந்த வீட்டுச் சாப்பாட்டு முறையும் எனக்குப் பிடிக்காது. முதலாளியம்மாவுக்கு ஒரு தட்டு, பெரியவனுக்கு ஒரு தட்டு, மருமகளுக்கு ஒரு தட்டு. அவர்கள் தின்று முடித்ததும் பாப்பா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவாள். கேட்டால், கழுவ ஒரு தட்டு மிச்சம் என்பாள். வழியில் பேக்கரியில் நான் பன் வாங்குவது வழக்கம். ஒருநாள் ரெண்டு பன்னைக் காட்டி, "பாப்பா, இனிப்பா, உப்பா? எது வேணும்?" என்றேன்.

"அண்ணனுக்கு இனிப்பு பிடிக்கும்."

"அண்ணனைக் கேக்கல. உனக்கு?"

யோசித்தாள். ஏதோ கணக்குப் போடச் சொன்ன மாதிரி யோசித்தாள். "எது மிஞ்சுதோ அது" என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்தாள்.

பெரியவனுக்கு உடம்புக்கு வந்தது மழைக்காலத்தில். முதலில் கால் வீங்கியது, அப்புறம் முகம். நல்லாத்தானே இருக்கான், சதை போட்டிருக்கு என்று முதலாளியம்மா சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் ரெண்டு தடவை டயாலிசிஸ். தண்ணியைக் குறை, உப்பைத் தொடாதே, கறி வேண்டாம். அவனோ பிறந்ததிலிருந்து வேண்டாம் என்ற வார்த்தையைக் காதில் வாங்காதவன். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உப்பும் மிளகும் போட்டு வறுத்த குடலை ஒளித்து வைத்துத் தின்பான். நான் பார்த்திருக்கிறேன். விரலை நக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

வேறு கிட்னி வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. மனைவிக்கு ரத்தம் சேரவில்லை. பாப்பாவுக்குத்தான் எல்லாம் பொருந்தியது. இந்த விஷயத்தை முதலாளியம்மா என்னிடம் சொன்ன விதம்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

"கடவுள் புண்ணியம் தம்பி. வெளியில போய் நிக்க வேண்டியதில்ல. நம்மகிட்டயே ஒண்ணு சும்மா இருக்கு."

"சும்மா இருக்கா? எங்க?"

"பாப்பாகிட்டதான். அவளுக்கு ரெண்டு இருக்குல்ல."

பரண்மேல் அண்டா ஒன்று சும்மா கிடக்கிறது, இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்வதுபோல் சொன்னாள். பாப்பா பக்கத்தில்தான் இருந்தாள். குடலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளை ஒருத்தர் கேட்டதாகத் தெரியவில்லை.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"என்னத்தை?"

"சம்மதமான்னு."

முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுப் பொருளை வீட்ல எடுத்துக்கறதுக்கு யாரைத் தம்பி கேக்கணும்? உன் வலது கைக்கு அடிபட்டா இடது கைகிட்ட கேட்டுட்டா தடவிக் குடுக்கற?"

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த மனுஷிக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு என் வேனில்தான் போனோம். பெரியவனும் அம்மாவும் மருமகளும் பின்னால் ஐஸ் சாக்குகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். பாப்பா முன் சீட்டில். அவள் மடியில் அண்ணனின் தண்ணீர் பாட்டில், அண்ணனின் தலையணை, அண்ணியின் செருப்புப் பை. அங்கே கிட்னி கொடுக்கிறவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஒரு மேடம் இருந்தாள். கண்ணாடி போட்டவள், குரலே எழாது. வீட்டார் யாரும் உள்ளே வரக்கூடாது என்றதும் முதலாளியம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்திலேயே பாப்பா வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே மேடம் வந்து, "இன்னொரு தடவை பேசணும், அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"ஏன்? எங்க பொண்ணுக்கு என்ன குறை?"

"குறை இல்லம்மா. அவங்க விருப்பத்தை அவங்களே சொல்லணும். அது எங்களுக்குத் தெளிவா வரல."

வேனில் ஏறியதும் விசாரணை ஆரம்பித்தது. பாப்பா நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "உங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்கம்மா. அண்ணனுக்கு வறுத்த குடல் பிடிக்கும்னேன். உங்களுக்குன்னாங்க. அம்மாவுக்குக் கஞ்சின்னேன். சரி, என்ன கலர் பிடிக்கும்னாங்க. அண்ணிக்கு நீலம்னேன். ஓய்வா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னாங்க. அது எப்பன்னு கேட்டேன்."

பின்னாலிருந்து மருமகள் சொன்னாள். "கிட்னி குடுக்கறதுக்கும் கலருக்கும் என்ன சம்மந்தம்?"

"வேலை வெட்டி இல்லாதவளுங்க" என்றாள் முதலாளியம்மா. "சொந்தத்துக்குள்ள என்ன தனிப் பேச்சு? குடும்பத்தைப் பிரிக்கறதுக்குச் சம்பளம் வாங்கறா."

பெரியவன் ஐஸ் சாக்கில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். மூச்சு இரைத்தது. பயந்திருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவன் மேல் இரக்கமே வரவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து பாடம் ஆரம்பித்தது. நான் ஐஸ் உடைக்கும்போதெல்லாம் என் காதுபட நடக்கும். முதலாளியம்மா தொட்டிக்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"கஞ்சி."

"வெறும் கஞ்சின்னா பிச்சைக்காரி மாதிரி இருக்கு. வெல்லம் போட்ட கஞ்சின்னு சொல்லு."

"அது உங்களுக்குப் பிடிச்சதாச்சேம்மா."

"எனக்குப் பிடிச்சா உனக்குப் பிடிக்காதா? சொல்லு."

"வெல்லம் போட்ட கஞ்சி."

மருமகள் உள்ளேயிருந்து வந்து, "நீலம்னு சொல்லு, கலர் கேட்டா" என்பாள். "நீலம்னா எல்லாருக்கும் பிடிக்கும், சந்தேகம் வராது." பெரியவன் நாற்காலியிலிருந்து, "ஓய்வுல சீட்டு விளையாடுவேன்னு சொல்லச் சொல்லும்மா" என்பான். "பொம்பளை சீட்டு விளையாடுவேன்னு சொல்லுவாளா, பாட்டுக் கேப்பேன்னு சொல்லு" என்பாள் அவன் பெண்டாட்டி. என்ன பாட்டு என்று மேடம் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று அதற்கு ஒரு சண்டை. இப்படி ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டு ஒரு மனுஷியை அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா சுரண்டிக்கொண்டே அத்தனையையும் திருப்பிச் சொல்வாள். மக்கு இல்லை, ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வாள். கடைசியில், "நானே மனசாரக் குடுக்கறேன், யாரும் சொல்லிக் குடுக்கல" என்று முடிக்கவேண்டும். அதையும் அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டே ஐஸை நான் தேவைக்குமேல் பொடியாக உடைத்துவிட்டேன்.

முதலாளியம்மா எழுந்து போனதும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "பாப்பா, உண்மையைச் சொல்லு. குடுக்க உனக்கு இஷ்டமா?"

"அண்ணன் நல்லா இருந்தா வீடு நல்லா இருக்கும்."

"வீட்டைப் பத்திக் கேக்கல. உன்னைப் பத்தித்தான் கேக்கறேன்."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தாள். "ரெண்டும் வேற வேறயா ஐஸ்காரரே?"

"வேறதான். எனக்குப் பசிச்சா நான் சாப்பிடறேன். என் உடம்பு என்னுது."

"உங்களுக்கு முடியாம போனா யாரு வருவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒண்டிக்கட்டை நான். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. காய்ச்சலில் கிடந்தால் கதவைத் தட்ட ஆள் கிடையாது. "அது வேற கதை" என்றேன்.

"வேற கதை இல்ல. நீங்க தனி ஆளு. உங்களுக்கு அப்படித்தான் தெரியும்." அவளே தொடர்ந்து சொன்னாள். "அம்மா என்னைத் தொட்டிக்கு நேரா உக்கார வச்சாங்களே, சொன்னாங்கல்ல உங்ககிட்ட. அன்னைக்கு அண்ணன்தான் வந்து பக்கத்துல உக்காந்தான். அவனும் சின்னப் பையன்தான். மூக்கால மூச்சு விடாத, வாயால விடு, அப்ப ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக் குடுத்தான். நான் விட்டுப் பார்த்தேன். நாத்தமே தெரியல. அப்படியே பழகிட்டேன்."

"இன்னைக்கு வரைக்குமா?"

"தூங்கும்போது கூட வாயாலதான்னு அண்ணி சொல்லுவாங்க."

அந்தத் திறந்த வாய்க்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் மோந்து பார்த்ததில்லை. குடலையும் சரி, சோற்றையும் சரி, மழையையும் சரி. கொக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் காலையில் வழக்கம்போல் ஐஸ் போட்டுவிட்டு, அப்படியே ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். தூறலாக இருந்தது. கூடத்துக் கதவு திறந்திருந்தது. பாப்பா கடைசிக் கட்டுகளை அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள், வாய் நிறைய நூல் துண்டுகள். கூடத்தில் பெரியவன் ஒரு கிண்ணம் வறுத்த குடலை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். இப்போது ஒளிப்பது கூட இல்லை. ரெண்டு கை அள்ளியிருப்பான், ஒரு மாதிரி விழித்தான். அப்படியே முன்னால் குனிந்து தரையெல்லாம் வாந்தி.

"பாப்பா, ஓடி வா, துணி எடுத்துக்கிட்டு வா" என்றாள் முதலாளியம்மா. மருமகள் எழுந்து சுவரோரமாகத் தள்ளி நின்றுகொண்டாள்.

பாப்பா ஒரு கையில் வாளி, ஒரு கையில் துணியோடு ஓடினாள். நூலைத் துப்ப நேரமில்லை, பல்லில் கடித்தபடியே மண்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டா இப்படித் தின்னு தொலைக்கற?" என்று மருமகளைப் பார்த்தபடி மகனைக் கேட்டாள் தாய். "டாக்டர்தான் கூடாதுன்னாரே."

பெரியவன் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மென்றுகொண்டே சொன்னான். "விடும்மா. அதான் புதுசு வருதே. வந்தப்புறம் எல்லாம் செரிக்கும்."

முதலாளியம்மா சிரித்தாள். மருமகளும் சிரித்தாள்.

கீழே பாப்பாவின் கை நின்றது. வாயில் நூல், உதடு இறுக்கமாக மூடியிருந்தது. மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். ஒரு இழுப்பு, நீளமாக. அப்புறம் அந்த முகத்தில் நடந்ததை எப்படிச் சொல்ல. மூக்கின் மேல் ரெண்டு கோடு விழுந்தது. மேலுதடு ஒரு பக்கம் ஏறியது. கண் இடுங்கியது. இத்தனை வருஷமாக வராதது, அந்த முகத்துக்கு வழி தெரியாமல், கோணல்மாணலாக வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தரையை இல்லை. மென்றுகொண்டிருந்த வாயை.

"மூஞ்சியை ஏன்டி அப்படி வச்சிருக்க?" என்றாள் தாய்.

பாப்பா நூலைத் துப்பினாள். புறங்கையால் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தெரியலம்மா. தானா வருது."

"நேரா வை."

"வரமாட்டேங்குது."

துடைத்து முடித்தாள். முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வாய்க்காலுக்குப் போய் அவளும் வாந்தி எடுத்தாள்.

வேனில் வழி நெடுக முதலாளியம்மா பின்னாலிருந்து பாடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வெல்லம் போட்ட கஞ்சி, நீலம், பாட்டு, மனசார. பாப்பா எதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், வாயை மூடியே வைத்திருந்தாள். அவள் மூச்சு மூக்கு வழியாக உஸ் உஸ்ஸென்று போய் வருவது பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது. பழக்கமில்லாத மூக்கு, அடைத்து அடைத்து வந்தது.

இந்தத் தடவை உள்ளே நெடுநேரம் ஆனது. நாங்கள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெரியவன் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கதவு திறந்து மேடம் முன்னால் வந்தாள், பின்னால் பாப்பா.

"இவங்க குடுக்க முடியாதும்மா" என்றாள் மேடம். "மருத்துவக் காரணம்தான். விவரம் நாங்க வெளியில சொல்றதில்ல. வேற ஏற்பாட்டைப் பத்தி டாக்டர் பேசுவாரு."

அவள் எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனுஷி. இதோடு போயிருந்தால் பாப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. விதி என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முதலாளியம்மா மகளைப் பார்த்தாள். தாயின் முகம் சுளித்தது. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவள், அழுகல் குடலைக் கையில் எடுத்தால் கூட அசையாதவள், பெற்ற பெண்ணைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "சொத்தையா நீ? இத்தனை வருஷம் சோறு போட்டு, கடைசியில உள்ள சொத்தையா?"

பாப்பா சுவரில் கை வைத்துக்கொண்டாள். "சொத்தை இல்லம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். நான்தான் குடுக்கலன்னு சொன்னேன்."

மேடம் அவள் கையைத் தொட்டாள், வேண்டாம் என்கிற மாதிரி. பாப்பா கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

"மேடம் எனக்காகச் சொல்றாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க. நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததில் அதற்குப் பதில் இல்லை. "நாறுதும்மா" என்றாள்.

"எது நாறுது?"

"எல்லாம்."

மருமகள் அழ ஆரம்பித்தாள். முதலாளியம்மா கையை ஓங்கினாள். தடுத்தது பெரியவன். உட்கார்ந்தபடியே தாயின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான். அன்று முன் சீட்டு காலியாக இருந்தது. பாப்பாவை வேனில் ஏற்றக்கூடாது என்றுவிட்டாள் முதலாளியம்மா. வேன் என்னுடையது, அதைச் சொல்லவும் சொன்னேன். ஆனால் பாப்பாவே, "நான் நடந்து வர்றேன்" என்று தூறலில் இறங்கிப் போய்விட்டாள்.

வேறு எங்கும் போகவில்லை அவள். எங்கே போவாள். மறுநாள் நான் ஐஸ் கொண்டுபோனபோது அதே தொட்டிக்கரையில் குடலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தொட்டி வேலைக்கு வேறு ஆள் கிடையாதே, அதனால் விரட்டவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒருத்தரும் அவளோடு பேசுவது கிடையாது. பரணில் கிடந்த ஒரு நெளிந்த அலுமினியத் தட்டை எடுத்துத் தொட்டிக்கரையில் வீசினாளாம் தாய். "இனிமே நீ வேற, நாங்க வேற. எங்க சட்டியில கை வைக்காத. இதான் உன் தட்டு."

தண்டனையாம். எனக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

பெரியவன் இப்போது ஒழுங்காகப் பத்தியம் இருக்கிறான். உப்பைக் கண்டால் பயப்படுகிறான். புதுசு வராது என்று தெரிந்ததும் பழசின்மேல் அக்கறை வந்துவிட்டது. டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஒருநாள் பாதி வழியில், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பாப்பா இப்ப மூக்கால மூச்சு விடறாளா?"

"விடறா போல."

"வாயால விடச் சொன்னது நான்தான்" என்றான்.

இதற்கெல்லாம் கொஞ்ச நாள் கழித்து, ஒரு மதியம். வேலை முடிந்து பாப்பா கொல்லைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் அந்த நெளிந்த தட்டு. மூக்கு சுருங்கியிருந்தது. அது இப்போது எப்போதும் சுருங்கித்தான் இருக்கிறது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் கேட்ட கேள்வியில்தானே இவள் கண் திறந்தது என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். ரெண்டு பன்னோடு போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

தட்டைப் பார்த்தேன். சோற்றைச் சாப்பிட்டிருந்தாள். குடல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"ஏன், சாப்பிடல?"

"பிடிக்கல போலிருக்கு."

"இத்தனை வருஷம் தின்னியே."

"வாயால மூச்சு விட்டா ருசி தெரியாது ஐஸ்காரரே." இன்னொரு துண்டைத் தள்ளி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. உள்ளே கூடத்தில் மூன்று பேர் தட்டில் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"இனிப்பா, உப்பா?" என்று பன்னை நீட்டினேன்.

அவள் பன்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். மூக்கின் மேல் அந்த ரெண்டு கோடும் ஆழமாயின.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மேல என்னமோ நாறுது."

"என் மேலயா? என்ன நாத்தம்?"

"ஈரச் சாக்கு, துரு, இன்னும் என்னமோ. ரொம்ப நாளா யாரும் பக்கத்துல வராத நாத்தம்."

நான் எழுந்து தள்ளிப் போய் நின்றேன். சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்து நன்றாக மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.